கொட்டேஷனில் கையெழுத்து வரவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

மொட்டை மாடி ஒழுகலைச் சரிசெய்பவர், வீட்டுக்கு வண்ணம் பூசுபவர், ஏசி மாட்டுபவர், சிசிடிவி வேலை எடுப்பவர் என்று சென்னையில் சேவைத் தொழில் எதுவானாலும் ஒரு புலம்பல் மட்டும் பொது: "கொட்டேஷன் கொடுத்தாயிற்று, கையெழுத்துதான் வரவில்லை." உடனே எல்லோரும் செய்வது இரண்டு. ஒன்று, நாள் தவறாமல் நினைவூட்டல் அனுப்புவது. இல்லையென்றால், கையெழுத்து வாங்குவதற்கென்று ஒரு செயலியைக் காசு கொடுத்து வாங்குவது. நான் நீர்க்கசிவு வேலையில் இருப்பவன். சுவரில் ஈரம் தெரிகிற இடம் வேறு, தண்ணீர் இறங்குகிற இடம் வேறு என்பது எங்களுக்குப் பாலபாடம். கொட்டேஷனிலும் அப்படித்தான், கையெழுத்துக் கோடு கடைசிப் பக்கத்தில் இருந்தாலும் கோளாறு அதற்கு மேலே எங்கோ இருக்கும்.

கையெழுத்து இல்லாவிட்டால் ஒப்பந்தமே இல்லை என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இத்தகைய வேலைகளுக்குக் கையெழுத்தைக் கட்டாயமாக்கவில்லை, வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். அதே சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி, முன்மொழிவில் கேட்டபடி ஒருவர் நடந்துகொண்டாலே அது சம்மதமாகிவிடும். "முன்பணம் செலுத்துவது இந்தக் கொட்டேஷனுக்கான ஒப்புதல்" என்று நீங்கள் எழுதியிருந்து, வாடிக்கையாளர் அந்தத் தொகையை யுபிஐயில் அனுப்பினால் ஒப்புதல் வந்துவிட்டது என்று பொருள். பிறகு கையெழுத்து எதற்கு? எந்த வேலை, எவ்வளவு அளவு, என்ன விலை என்பதில் மூன்று மாதம் கழித்துப் பேச்சு மாறாமல் இருப்பதற்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் அறிகுறி எது என்று பாருங்கள்.

"பார்த்துச் சொல்கிறேன்" என்றவர் பிறகு பேசவே இல்லை

அதிகம் வருவதும், அதிகம் தவறாக வைத்தியம் பார்க்கப்படுவதும் இதுதான்.

அவர் கொட்டேஷனைப் படித்தாரா என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்ததையோ வராததையோ நம்ப வேண்டாம். அதை அணைத்து வைத்திருப்பவர்கள் ஏராளம். "பார்த்தீர்களா சார்?" என்று கேட்பதும் வீண், "பார்த்தேன், பார்த்தேன்" என்றுதான் பதில் வரும். படித்தால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இரண்டாவது பக்கத்தில் மாடிப்படி அறையின் கூரையையும் சேர்த்திருக்கிறேன். அது இருக்கட்டுமா, எடுத்துவிடவா?" இதற்கு வருகிற பதில் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

படிக்கவில்லை என்றால் கொட்டேஷன் நீளமாக இருக்கிறது. நாலு பக்கத்துக்கு நிறுவனப் பெருமை, பெயின்ட் நிறுவனத்தின் விளம்பரப் படங்கள், அதற்கும் பிறகு விலை என்று இருந்தால் யார் படிப்பார்கள்? வேலை, அளவு, விலை, மொத்தம், முன்பணம், கையெழுத்துக் கோடு எல்லாம் முதல் பக்கத்திலேயே வரட்டும். மற்றவை பின்னால் போகட்டும்.

படித்துவிட்டும் பேசாமல் இருக்கிறார் என்றால் பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று.

முதலாவது ஜிஎஸ்டி. 85,000 ரூபாய் என்று பேசியிருப்பீர்கள். கொட்டேஷனில் 18 சதவீத வரி 15,300 சேர்ந்து 1,00,300 என்று வந்து நிற்கும். அவர் வீட்டில் சொல்லி வைத்திருப்பது 85,000. லட்சத்தைத் தாண்டிய எண்ணைப் பார்த்தவர், பேரம் பேசக் கூச்சப்பட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார். இதற்கு மருந்து தள்ளுபடி கிடையாது. வாய்ப்பேச்சிலேயே வரியோடு சேர்ந்த தொகையைச் சொல்லிப் பழக வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழே இருந்து ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்கள் வரி என்று தனியே வசூலிக்கவே கூடாது. ஆகவே அவர்களுடைய கொட்டேஷனில் அந்த வரியே இருக்கக் கூடாது. "வரி தனி" என்று பொத்தாம்பொதுவாக எழுதி வைப்பது எல்லோருக்கும் கெட்டது.

இரண்டாவது, அர்த்தம் நழுவுகிற வாசகம். மேற்கு மாம்பலத்தில் ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் எங்கள் கொட்டேஷனை மேசையில் விரித்து, ஸ்கேலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே படித்தார். ஸ்கேல் ஓரிடத்தில் நின்றது: "தேவையான இடங்களில் விரிசல் அடைத்தல்." பென்சிலால் அதைச் சுழித்துவிட்டு, "எது தேவை என்று முடிவு செய்வது யார்? நீங்களா, நானா?" என்றார். நியாயமான கேள்வி. சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு இருவரும் மொட்டை மாடிக்கு ஏறினோம். தளத்தில் பதித்த ஓடான தட்டோட்டின் இணைப்புகளில் வாய் பிளந்திருந்த இடங்கள், கைப்பிடிச்சுவரும் தளமும் சேர்கிற மூலை, தண்ணீர்த் தொட்டியின் தூணைச் சுற்றி என்று கோடு போட்டுக்கொண்டே வந்து டேப்பால் அளந்தோம். 46 ரன்னிங் அடி, அதாவது நீளவாக்கில் 46 அடி. வரியைத் திருத்தினோம்: "46 ரன்னிங் அடி வரை விரிசல் அடைப்பது இந்த விலையில் அடக்கம், அதற்கு மேல் அடிக்கு இவ்வளவு." கைப்பிடிச்சுவரின் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். விலையில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

உங்கள் கொட்டேஷனை எடுத்து "தேவைக்கேற்ப", "முதலியன", "நல்ல தரமான", "முழுமையாக" போன்ற இடங்களைத் தேடுங்கள். ஒவ்வொன்றையும் எண்ணாக, பொருளின் பெயராக, அல்லது இடமாக மாற்றுங்கள். வண்ணப் பூச்சுக்காரர்கள் ஜன்னல், கதவின் பரப்பைக் கழித்துக் கணக்கிட்டார்களா, கழிக்காமலா என்பதை எழுத வேண்டும். பழைய தட்டோட்டை உடைத்து எடுக்கும் வேலை என்றால் இடிபாட்டை அள்ளிக்கொண்டு போவது யார் செலவு என்று எழுத வேண்டும். சென்னையில் மாடியிலிருந்து மூட்டை இறக்குகிற கூலிக்காக முறிந்த நட்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, முன்பணப் பயம். பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போன யாரோ ஒருவரால் அவர் முன்பே சூடுபட்டிருப்பார். பாதித் தொகையைக் கேட்டால் பேனாவைத் தொடமாட்டார். பொருள் சைட்டில் இறங்கியதும் இவ்வளவு, முதல் பூச்சு முடிந்ததும் இவ்வளவு, தண்ணீர் தேக்கிச் சோதனை பார்த்த பிறகு மீதி என்று பிரித்துப் போட்டால் கை நகரும். ரொக்கமாக 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ரசீது கொடுங்கள். அந்தச் சின்ன ஸ்டாம்புக்கு இருக்கிற மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

இந்த மூன்றும் இல்லை, வேறு இடத்தில் விலை குறைவாகக் கிடைத்துவிட்டது என்றால், அதைக் கோளாறு என்று சொல்ல முடியாது. அடுத்த வேலைக்குப் போங்கள்.

பேசுகிறவர் ஒருவர், பணம் தருகிறவர் இன்னொருவர்

கையெழுத்துக் கேட்டதும் "அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்" என்று வந்தால், நீங்கள் தவறான ஆளிடம் காகிதத்தை நீட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அளவெடுக்கப் போகிற அன்றே "கொட்டேஷனை யார் பெயரில் போட வேண்டும், பில் யார் கட்டுவார்கள்?" என்று கேட்டுவிட்டால் இந்த அறிகுறியே வராது.

வாடகை வீட்டில் குடியிருப்பவர் ஒழுகல் தாங்காமல் உங்களை அழைத்திருப்பார், செலவு வீட்டுக்காரருடையது. குடியிருப்பவரின் கையெழுத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் பணம் கேட்டால், "உன்னை யார் கூப்பிட்டது?" என்பார். சட்டப்படியும் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு.

பெசன்ட் நகரில் அம்மா இருப்பார், மகன் அமெரிக்காவில் இருப்பார். அம்மா, "அவன்தான் பார்த்துக்கொள்கிறான், தம்பி" என்பார். ஒப்புதல் மகனுடையதாகவும், வீட்டைத் திறந்துவிடுவதும் அன்றாட வேலையைப் பார்த்துக்கொள்வதும் அம்மாவுடையதாகவும் இருக்கும். இரண்டையும் கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள்: ஒப்புதல் தருபவர் இவர், சைட்டில் தொடர்புக்கு இவர். அந்த மகனிடம் ஆதார் மின்கையொப்பம் கேட்டுத் தொல்லை கொடுக்க வேண்டாம்; அதற்கு ஓடிபி வருவது ஆதாருடன் இணைத்த எண்ணுக்கு, அந்த சிம் இங்கே அலமாரியில் கிடக்கும். அவருடைய மின்னஞ்சலிலிருந்து, கொட்டேஷன் எண்ணையும் தொகையையும் குறிப்பிட்டு "ஒப்புக்கொள்கிறேன், வேலையைத் தொடங்கலாம்" என்று ஒரு பதில் போதும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 10ஏ பிரிவு, மின்னணு வழியில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இது இன்னும் சிக்கல். வாசலில் உங்களை வரவேற்று, காபி கொடுத்து, மாடி முழுவதும் சுற்றிக் காட்டுகிறவர் வெறும் குடியிருப்பாளராக இருப்பார். சங்கத்தின் சார்பில் யார் கையெழுத்திடலாம் என்பது சங்கத்தின் துணைவிதியில் இருக்கும். பெரும்பாலும் செயலாளரும் பொருளாளரும். கையெழுத்தோடு சங்கத்தின் முத்திரையையும், வேலைக்கு ஒப்புதல் கொடுத்த செயற்குழுக் கூட்டத்தின் தேதியையும் கேட்டு வாங்குங்கள். நிர்வாகிகள் மாறிவிட்டால் புதியவர்கள் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.

"ஃபைல் திறக்கவில்லை", "எழுத்தெல்லாம் ஏதோ கிறுக்கலாக வருகிறது"

கொட்டேஷனை வேர்ட் ஃபைலாக அனுப்பியிருக்கிறீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது உங்கள் கணினியில் தமிழாகத் தெரியும். அவருடைய கைபேசியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். யூனிகோடில் தட்டச்சு செய்து, பிடிஎஃப்பாக மாற்றி அனுப்புங்கள். பிடிஎஃப் எழுத்துருவைத் தன்னோடு எடுத்துச் செல்லும், கட்டங்களும் இடம் மாறாது. வேர்ட் ஃபைல் அனுப்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: யார் வேண்டுமானாலும் எண்ணை மாற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம்.

காகிதத்தைப் புகைப்படம் எடுத்து அனுப்புகிறவர்களுக்கு: வாட்ஸ்அப் புகைப்படத்தைச் சுருக்கிவிடும், எண்கள் மங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் அப்படியே போகும்.

லிங்க் வரவில்லை, ஓடிபி வரவில்லை

செயலி வாங்கியவர்களின் நோய் இது. எங்கே நிற்கிறது என்று பிரித்துப் பாருங்கள்.

கையெழுத்துக்கான லிங்க் குறுஞ்செய்தியில் போகிறது, ஆனால் யாருக்குமே போய்ச் சேரவில்லை என்றால் கோளாறு வாடிக்கையாளரிடம் இல்லை. வணிகக் குறுஞ்செய்திகளுக்கு அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் தொலைபேசி நிறுவனங்களின் பதிவுத் தளமான டிஎல்டியில் பதிவு செய்திருக்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல், செய்திக்குள் வருகிற லிங்க்கும் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவு. பதிவு இல்லாத லிங்க்கைத் தொலைபேசி நிறுவனம் வழியிலேயே நிறுத்திவிடும். செயலி நிறுவனத்திடம் இதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். அவர்கள் விழித்தால், குறுஞ்செய்தியை விட்டுவிட்டு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ லிங்க்கை அனுப்புங்கள்.

ஒருவருக்கு மட்டும் வரவில்லை என்றால் மின்னஞ்சலின் ஸ்பாம் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். வந்திருக்கிறது, ஆனால் தொட மறுக்கிறார் என்றால் அவரைக் குறை சொல்ல முடியாது. முன்பின் தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள், ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று காவல்துறையும் வங்கிகளும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஒழுகல் அடைக்க வந்தவர் லிங்க் அனுப்பி ஓடிபி கேட்டால் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். முதலில் தொலைபேசியில் பேசி, "இன்ன பெயரில் ஒரு லிங்க் வரும், அதில் பணம் எதுவும் போகாது, ஓடிபியை நீங்களே அதில் இடுங்கள், என்னிடம் சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அனுப்புங்கள்.

ஆதார் ஓடிபி மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் ஆதாரில் இருப்பது பழைய எண். அதை மாற்றும்வரை உங்கள் வேலை காத்திருக்க முடியாது. என்னைக் கேட்டால், ஒரு மாடி ஒழுகலுக்கு ஆதார் மின்கையொப்பம் அளவுக்குப் போக வேண்டியதே இல்லை. திரையில் விரலால் போடுகிற கையெழுத்தோ, ஒரு மின்னஞ்சல் பதிலோ, எண் குறிப்பிட்ட முன்பணமோ போதும். பெரிய தொகை, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் என்றால் மின்கையொப்பத்தின் அருமை தெரியும்.

கையெழுத்திட்ட பிடிஎஃப்பில் மஞ்சள் கேள்விக்குறி

பதற வேண்டாம். அக்ரோபேட் ரீடர் இந்தியச் சான்றளிப்பு அமைப்பின் மூலச் சான்றிதழைத் தானாக நம்பாதபோது இப்படித்தான் காட்டும். கணினியில் அக்ரோபேட் ரீடரில் திறந்து, கையெழுத்தின் மீது வலது கிளிக் செய்து, கையெழுத்தின் விவரங்களுக்குப் போய்ச் சான்றிதழைப் பாருங்கள். சான்றிதழ் வரிசையின் உச்சியில், சான்றளிப்பு அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் அரசு அலுவலகமான சிசிஏ இந்தியா இருக்கிறதா, கையெழுத்திட்டவரின் பெயர் சரியா என்று பார்த்த பிறகே நம்பகமான பட்டியலில் சேர்த்து மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். பச்சை டிக் வந்துவிடும். சிவப்பில் வந்தாலோ, கையெழுத்துக்குப் பிறகு ஆவணம் மாற்றப்பட்டது என்று காட்டினாலோ அது வேறு கதை; யாரோ ஃபைலைத் தொட்டிருக்கலாம்.

அந்த ஃபைலை அச்சடித்து ஸ்கேன் செய்து வைப்பதிலும், "பிடிஎஃப்பாக அச்சிடு" என்று புதுப் பிரதி எடுப்பதிலும் பயனில்லை. அப்படிச் செய்தால் மின்கையொப்பம் போய் அதன் படம் மட்டும் மிஞ்சும். வந்த ஃபைலை வந்தபடியே வைத்திருங்கள்.

கையெழுத்து வந்தது, விலையை அடித்துத் திருத்தி வந்தது

78,000 என்று நீங்கள் எழுதியதை அடித்து 70,000 என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டு, கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பார். சிலர் விலையைத் தொடமாட்டார்கள். ஓரத்தில் "10 ஆண்டு உத்தரவாதம்" என்று ஒரு வரியைச் சொருகிவிடுவார்கள். கையெழுத்து வந்த மகிழ்ச்சியில் ஆட்களை அனுப்பிவிடாதீர்கள்.

ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, சம்மதம் நிபந்தனையில்லாததாக இருக்க வேண்டும் என்கிறது. திருத்தி வந்த கொட்டேஷன் சம்மதம் ஆகாது, அது அவர் உங்களுக்குச் சொல்கிற எதிர் விலை. இப்போது முடிவு சொல்ல வேண்டியவர் நீங்கள். எதுவும் பேசாமல் வேலையைத் தொடங்கினால் அவருடைய 70,000க்கும் பத்தாண்டு உத்தரவாதத்துக்கும் நீங்கள் சம்மதித்ததாகிவிடும். முன்பு சொன்ன 8ஆவது பிரிவு இப்போது உங்களை நோக்கித் திரும்புகிறது.

ஆகவே அன்றைக்கே ஒரு வரி எழுத்தில் போக வேண்டும்: "திருத்தப்பட்ட விலை எங்களுக்கு ஒத்துவராது, 75,000க்கு, ஐந்தாண்டு உத்தரவாதத்துடன் புதிய கொட்டேஷன் இணைத்திருக்கிறேன்." பழைய தாளின் மீதே மறுபடி அடித்துத் திருத்துவது வேண்டாம். இரண்டு கைகளின் அடித்தல் திருத்தல் நிறைந்த ஒரு தாளை ஆறு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள், எந்த எண் கடைசி எண் என்று எழுதியவருக்கே தெரியாது.

இதே ஆள் ஒவ்வொரு முறையும் விலையை அடிக்கிறார் என்றால், உங்கள் கொட்டேஷனில் அவர் குறைக்கக்கூடியது விலை ஒன்றுதான் என்பது காரணமாக இருக்கலாம். மாடி மட்டும் என்றால் இவ்வளவு, சன்ஷேடும் சேர்த்தால் இவ்வளவு, வெளிச்சுவர் வரைக்கும் என்றால் இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தால் வேலையைக் குறைத்துக்கொள்வாரே தவிர ரேட்டில் கை வைப்பது குறையும்.

பழைய கொட்டேஷனில் கையெழுத்து

மார்ச்சில் கொடுத்த விலைக்கு, அக்டோபரில் முதல் மழை கொட்டிய மறுநாள் கையெழுத்து வரும். சென்னையில் ஒழுகல் வேலைக்கு இது ஆண்டுதோறும் நடக்கிற சடங்கு. கொட்டேஷனில் "15 நாள் வரை செல்லும்" என்று போட்டிருந்தால் ஒப்பந்தச் சட்டத்தின் 6ஆவது பிரிவின்படி அந்தக் காலம் முடிந்ததும் உங்கள் முன்மொழிவு தானாக விலகிவிட்டது. எதுவும் போடவில்லை என்றால் நியாயமான காலம் என்பார்கள். எது நியாயம் என்பதற்குச் சண்டை போட வேண்டியிருக்கும். ஒவ்வொரு கொட்டேஷனுக்கும் எண், அதைத் திருத்தினால் அதே எண்ணுடன் ஆர்1, ஆர்2, முதல் வரியில் "இது முந்தைய கொட்டேஷனுக்கு மாற்றாக" என்று ஒரு குறிப்பு. கையெழுத்துக் கோட்டின் பக்கத்திலேயே அந்த எண்ணும் மொத்தத் தொகையும் அச்சாகட்டும். கையெழுத்து இருக்கிற பக்கத்தில் தொகை இல்லாவிட்டால், முன் பக்கங்களை மாற்றிவிட்டார்கள் என்று யார் வேண்டுமானாலும் யார் மீது வேண்டுமானாலும் சொல்லலாம்.

வேலை நடக்கிறது, கூடுதல் வேலைக்கு மட்டும் கையெழுத்து இல்லை

பணம் கரைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தட்டோட்டைப் பெயர்த்தால் உள்ளே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேறாகக் கிடக்கும். மேஸ்திரி, "இதை அள்ளிப் போட்டுவிட்டுத்தான் மேலே பூச முடியும், அம்மா" என்பார். அந்த அம்மா, "செய்யுங்கள், செய்யுங்கள்" என்பார். கணவருக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பில் போகும்போது, "இது கொட்டேஷனில் இல்லையே?" என்று கேள்வி வரும்.

ஒப்பந்தச் சட்டத்தில் 70ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது: இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பயனை இன்னொருவர் அனுபவித்தால் ஈடு தர வேண்டும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எவ்வளவு என்று நிரூபிக்க நீதிமன்றப் படி ஏற வேண்டும். பத்தாயிரம் ரூபாய்க்கு அதைச் செய்ய யாருக்குப் பொழுது இருக்கிறது?

எனவே மருந்து சைட்டில் இருக்க வேண்டும். மேஸ்திரியின் பையில், நகல் விழுகிற ஒரு சிறிய கூடுதல் வேலைச் சீட்டுப் புத்தகம். அதில் நாலே கட்டம்: என்ன வேலை, எவ்வளவு அளவு, என்ன தொகை, எத்தனை நாள் கூடும். மூல கொட்டேஷன் எண் மேலே. தொகையை மேஸ்திரி தன் இஷ்டத்துக்கு எழுதக் கூடாது. புகைப்படம் அனுப்பி அலுவலகத்தில் கேட்டு எழுத வேண்டும். கையெழுத்து ஆகாமல் அந்தப் பகுதியில் சட்டி வைக்கக் கூடாது, மற்ற பகுதியில் வேலை நடக்கலாம். மேஸ்திரிகள் முதலில் முணுமுணுப்பார்கள். சீட்டு இல்லாத கூடுதல் வேலைக்கு அலுவலகம் கூலி தராது என்று ஒரு முறை ஆனதும் புத்தகம் தானாகப் பையை விட்டு வெளியே வரும்.

கையெழுத்துப் போட ஆளில்லாத வீடு என்றால், பெயர்த்த இடத்தின் படமும் தொகையும் வாட்ஸ்அப்பில் போகட்டும். "சரி" என்று வருகிற ஒற்றைச் சொல் பதிலை அந்தச் செய்தியையே குறிப்பிட்டு அனுப்பச் சொல்லுங்கள். நடுவில் பத்துச் செய்தி வந்த பிறகு தனியே நிற்கிற "சரி" எதற்குச் சரி என்று பின்னால் சொல்ல முடியாது.

"நான் ஒப்புக்கொள்ளவே இல்லை"

கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மையால் போட்ட கையெழுத்து இருந்தால் மூலத்தை வெளியே விடாதீர்கள், நகலைக் காட்டுங்கள். வாட்ஸ்அப் மட்டும்தான் என்றால், அந்த உரையாடலில் மறையும் செய்தி வசதியை யாராவது இயக்கியிருக்கிறார்களா என்று உடனே பாருங்கள். இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம், 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று கணக்கு வைத்து அது அழித்துக்கொண்டே போகும். உரையாடலை இணைப்புகளோடு ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள், கைபேசியையும் பழைய கடையில் விற்றுவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தது மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆவது பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் காட்டச் சான்றிதழ் கேட்கிறது. அதைத் தயாரிக்க வழக்கறிஞருக்கு மூலக் கைபேசி இருந்தால் எளிது.

யுபிஐயில் வந்த முன்பணத்தின் குறிப்பில் கொட்டேஷன் எண் இருந்தால் இந்தப் பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். வேலை முடிந்ததிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

காகிதம் நனைந்துவிட்டது, எழுத்து மங்கிவிட்டது

ஜெல் பேனாவைச் சைட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், பால்பாயின்ட் பேனா போதும். வெப்பத்தாளில் அச்சடிக்கும் சின்ன பிரின்டரில் கொட்டேஷன் கொடுக்காதீர்கள். வண்டியின் பெட்டியில் ஒரு மே மாதம் கிடந்தால் கையெழுத்து இருக்கும், விலை இருக்காது. கையெழுத்தான அந்த நிமிடமே வாடிக்கையாளர் முன்னால் படம் எடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தரைத்தளத்தில் அலுவலகம் வைத்திருந்தவர்களைக் கேட்டால் மீதியைச் சொல்வார்கள்.

நிறுவனம் கையெழுத்திட மறுக்கிறது, "பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்புகிறோம்" என்கிறது

பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் இதுதான் வழக்கம். நிர்வாகப் பிரிவில் இருப்பவருக்கு உங்கள் தாளில் கையெழுத்திடும் அதிகாரம் இருக்காது, அவரை வற்புறுத்த வேண்டாம். பர்ச்சேஸ் ஆர்டர் வந்ததும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு ஃபைலில் போடாதீர்கள். பின்பக்கத்துப் பொடி எழுத்தில் அவர்களுடைய நிபந்தனைகள் இருக்கும்: 90 நாளில் பணம், தாமதத்துக்கு அபராதம், 10 சதவீதம் பிடித்தம். இதுவும் திருத்தப்பட்ட கொட்டேஷன் மாதிரிதான். ஒத்துவராததை வேலைக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும்.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனமாக நீங்கள் இருந்தால் 90 நாள் என்பதைக் கண்ணை மூடி ஏற்க வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. உத்யம் எண்ணைக் கொட்டேஷனின் தலைப்பிலேயே அச்சிடுங்கள். நிர்வாகப் பிரிவு அதைக் கவனிக்காது, கணக்குப் பிரிவு கவனிக்கும். பர்ச்சேஸ் ஆர்டரில் உங்கள் கொட்டேஷன் எண் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் சேர்த்து மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். பில் போட்ட பிறகு கேட்டால் யாரும் செய்து தரமாட்டார்கள்.